கண்ணாடித் தொட்டியில் முருகைப் பார்

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளி செல்லும் வீதியில், உப்புவெளியைக் கடந்ததும் வருவது சாம்பல்தீவு. பெயரில் தீவு இருப்பினும் ஊர் தரையோடு சேர்ந்ததே. ஒரு புறம் களப்பு. மறு புறம் வங்காள விரிகுடா. கடலையே முற்றமாகக் கொண்டு வாழும் இவ்வூரார்க்கு, கடல்நீரைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி வீட்டினுள் வைத்துப் பார்ப்பது விந்தையான விருப்பமாகத் தோன்றலாம். ஆயினும் நிலாவெளிக் கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அப்பாலுள்ள புறாத்தீவுக்கு ஒரு முறை சென்று, நீரினுள் முகம் ஆழ்த்திப் பார்த்தவர் உள்ளத்தில் அவ்விருப்பம் எழாதிருப்பது அரிது. மான்கொம்புபோற் கிளைத்த முருகைகள், மேசைபோல் விரிந்த முருகைகள், அவற்றினிடையே நுழைந்து மறையும் மீன்கள் என அங்கே ஓர் உலகமே உண்டு. நூறு வகை முருகைகளும் முந்நூறு வகை மீன்களும் அப்பகுதியில் உள்ளன என்று ஆராய்ந்தோர் கணித்துள்ளனர்.

இவ்வழகிற் கையளவேனும் இல்லத்தில் அமைத்தல் இயலுமா? இயலும். ஆனால் புறாத்தீவிலிருந்து ஒரு கிளையை ஒடித்துவந்து தொட்டியில் இடுவதால் அஃது இயலாது. ஒடித்த முருகை சில நாளில் இறந்து வெளுத்துப்போகும், எஞ்சுவது எலும்பே. முருகைப் பாரைத் தொட்டிக்குள் இடம்பெயர்த்தல் முடியாது. ஒன்றுமில்லாத நிலையிலிருந்து மெல்ல மெல்ல வளர்த்தெடுத்தலே முடியும். அவ்வாறு வளர்த்தெடுக்கும் முறை யாது, அதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பன அறியத்தக்கவை.

நீர்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காட்டும் வழக்கம் பழமையானதன்று. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853ஆம் ஆண்டு முதலாவது பொது மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் என்பார் எழுதிய நூல், கடல்நீர்த் தொட்டியை ஆங்கிலேயரின் வீடுகள்தோறும் புகுத்தியது. தமிழ் வழங்கும் நிலத்தில், சென்னைக் கடற்கரையில் 1909இல் மீன்காட்சிச்சாலை அமைந்தது. இலங்கையில் தெகிவளை விலங்குக் காட்சிச்சாலையின் நீர்வாழ் உயிர்க் கூடம் 1952இல் திறக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய றொட்னி ஜொங்கிளாஸ், 1950களில் ஆர்தர் சி. கிளார்க்குடனும் மைக் வில்சனுடனும் இலங்கைக் கடல்களில் மூழ்கி ஆராய்ந்தவர். வண்ணக் கடல்மீன்களைப் பிடித்துப் பேணும் கலையைப் பற்றி 1975இல் நூலும் எழுதினார்.

எனினும் அந்நாளையத் தொட்டிகளில் மீன் வாழ்ந்ததேயன்றி முருகை வாழவில்லை. நீரைத் தூய்மை செய்வதற்காக வளர்ப்போர் கற்களை வெளுக்க வைத்தனர். மருந்திட்டுக் கிருமி நீக்கினர். அவ்வாறு செய்தபோது, நீரைக் காக்கும் நுண்ணுயிர்களையும் அழித்துவிட்டனர். இப்பிழையை உணர்த்தியவர்களுள் ஒருவர் இந்தோனேசியாவின் சக்கார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங். இவர் உயிர்கள் குடியிருக்கும் பாறைத் துண்டுகள், கடல்நீர், கதிரவன் ஒளி, மெல்லிய காற்றுக் குமிழி ஆகியவற்றை மட்டுமே கொண்டு முருகைகளை வளர்த்துக் காட்டி, அம்முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். இதன்பின் ஐரோப்பாவில் பீற்றர் வில்கென்சு முதலியோர் இம்முறையை விரிவாக்கினர். இன்றைய வீட்டுத் தொட்டிகளுக்கெல்லாம் இவையே மூலம்.

தொட்டி அமைக்குமுன் முருகை என்பது யாது என்று அறிதல் வேண்டும். தமிழகத்தார் பவளப்பாறை என்று வழங்கும் இது, கல்லுமன்று, செடியுமன்று. சிறு வாயும் அதைச் சூழ்ந்த உணர்கொம்புகளும் உடைய பல்லாயிரம் சிற்றுயிர்கள் ஒன்றுசேர்ந்து வாழும் குடியிருப்பே முருகை. ஒவ்வோர் உயிரும் கடல்நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துத் தன் அடியிற் சுண்ணக் கல்லாகப் படியவைக்கிறது. இவ்வுயிரின் தசைக்குள்ளே நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, அதிற் பெரும் பங்கை வீட்டுக்காரனுக்கு வாடகைபோற் கொடுக்கிறது; முருகையோ பாசிக்கு இடமும் உரமும் தருகிறது. இக்கூட்டு வாழ்வு மிக நொய்யது. கோடையின் இயல்பான உச்ச வெப்பத்தினும் ஒரு பாகை மிகுந்து சில வாரம் நீடித்தாற் பாசி வெளியேறிவிடும், முருகை வெளுக்கும், அந்நிலை தொடர்ந்தால் மடியும். ஆகவே முருகைத் தொட்டிக்கு வேண்டுவன ஐந்து: நிலையான வெப்பம், நிறைந்த ஒளி, ஓயாத நீரோட்டம், கழிவற்ற நீர், குறையாத சுண்ணம்.

சட்டம் கூறுவதையும் இங்கே அறிந்துகொள்ளல் நன்று. புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து உயிருள்ளதோ இறந்ததோ எதனையும் எடுத்தல் குற்றம். விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கைக் கடலின் கடின முருகைகள் எங்கிருப்பினும் காக்கப்பட்டவை. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்தலை 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடை செய்தது. ஆதலின் சாம்பல்தீவில் தொட்டி வைக்க விரும்புவோர் கல், மணல், மீன், நண்டு, நத்தை ஆகியவற்றோடு தொடங்குதலே முறை. முருகை வேண்டின், கடலிலிருந்து எடுத்ததாயின்றித் தொட்டியிலே வெட்டி வளர்த்த துண்டாகவும், உரிய அனுமதிப் பத்திரம் உடையதாகவும் அது இருத்தல் வேண்டும். இதனை முன்னதாகவே வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டறிதல் நலம்.

இனித் தொட்டி. மிகச் சிறிய தொட்டியே எளிது என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. சிறிதளவு நீரில் ஒரு மீன் இறந்தால் நீர் முழுதும் கெடும். பெருநீரில் அக்கேடு பரவுமுன் கவனிக்க நேரம் கிடைக்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி தொடக்கத்திற்கு ஏற்றது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 190 இலீற்றர். கல்லும் மணலும் போக நீர் 170 இலீற்றர் கொள்ளும். நீர், கல், மணல், கண்ணாடி யாவும் சேர்ந்து கால் தொன்னுக்குக் குறையாத பாரமாகும். ஆதலால் தாங்கும் மேசை உறுதியாயும், நீர்மட்டம் பார்த்துச் சரிப்படுத்தப்பட்டதாயும் இருத்தல் வேண்டும். நேர் வெயில் விழும் யன்னலருகிலும், கூரைத் தகட்டின் வெப்பம் இறங்கும் இடத்திலும் வைத்தலாகாது. வீட்டின் நடுச்சுவர் ஓரமே சிறந்தது.

அடுத்தது நீர். கடலோரத்தார்க்கு இதிற் கவலையில்லை என்று தோன்றும். ஆனால் எல்லாக் காலத்துக் கடல்நீரும் ஒன்றன்று. பார் சூழ்ந்த கடலில் ஓர் இலீற்றர் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருத்தல் வேண்டும். வாடைக்காற்றுப் பருவத்தில், ஐப்பசி முதல் தை வரை, மழைநீரும் ஆற்றுநீரும் கலந்து கீழைக்கரைக் கடலின் உப்பைக் குறைக்கின்றன. களப்பின் முகத்துவாரம் திறந்திருக்கும் நாள்களில் அதனருகே மொள்ளும் நீரில் சேறும் வயலின் உரமும் கலந்திருக்கும். எனவே வறண்ட மாதங்களில், முகத்துவாரத்திற்கு எட்டத்தில், படகிற் சென்று மொள்ளும் நீரே ஏற்றது. அந்நீரையும் துணியில் வடித்து, சில நாள் இருட்டில் வைத்துத் தெளிவித்து, உப்பு மானியால் அளந்த பின்னரே பயன்படுத்தல் வேண்டும்.

கடலுக்கு எட்டத்தில் உள்ளவர் தொட்டிக்கென ஆக்கி விற்கப்படும் செயற்கைக் கடலுப்பை வாங்கி நன்னீரிற் கரைக்கலாம். நூறு இலீற்றருக்கு நாலு கிலோகிராம் அளவில் அது வேண்டியிருக்கும். சமையலுப்பு இதற்கு உதவாது. கடலில் உள்ள உப்புகளில் நூற்றுக்கு 86 பங்குதான் சோடியமும் குளோரீனும். எஞ்சியவை மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் முதலியன. உப்பளத்தில் உப்பு விளைந்தபின் வடித்து ஊற்றிவிடும் கசப்பு நீரில் இவற்றிற் பல போய்விடுகின்றன. முருகைக்கோ வடித்து ஊற்றிய அவையே பெரிதும் வேண்டும். கிணற்று நீரைக் கலத்தலும் பிழை. கரையோர மணற் கிணறுகளில் தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றுச் சேர்ந்திருக்கக் கூடும். அது தொட்டியில் பாசி மண்டச் செய்யும். தூய்மை செய்த நீரே உகந்தது.

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. வெப்பமான வீட்டில், நீர்ப்பரப்பின்மீது விசிறி சுழலும்போது, நாளொன்றுக்கு மூன்று இலீற்றர் நீர் எளிதிற் குறையும். இந்தக் குறையை நிரப்பக் கடல்நீரை ஊற்றுவோர், அறியாமலே உப்பின்மேல் உப்பைச் சேர்க்கின்றனர். குறையை நிரப்பாமலே விட்டாலும் ஒரு வாரத்தில் 35 கிராம் என்பது 40 கிராமை நெருங்கும். அவ்வேற்றம் தொட்டி முருகைக்குக் கேடு. ஆதலால் ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரையே நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கடல்நீர், கிழமைக்கொருமுறை பத்தில் ஒரு பங்கு பழைய நீரை மாற்றும்போது மட்டுமே சேர்க்கப்படும்.

நீருக்கு அடுத்தது கல். முருகைத் தொட்டியின் உயிர்நிலை அதுவே. கடலிலிருந்து பாறை எடுத்தல் தகாதாகலின், கடைகளில் விற்கும் துளைகள் நிறைந்த உலர்கல்லை வாங்கலாம். அன்றி வீட்டிலேயும் செய்யலாம். வெள்ளைச் சீமெந்துடன் நொறுக்கிய சிப்பி ஓட்டையும் பெரிய உப்புக் கற்களையும் கலந்து, வேண்டிய வடிவில் வார்த்து உலரவிட்டு, நன்னீரில் ஊறவைத்தால், உப்புக் கரைந்து அவ்விடங்கள் துளைகளாகும். சீமெந்தின் காரம் நீங்கும்வரை, பல வாரம் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்தல் இன்றியமையாதது. இவ்வாறு செய்த கல்லில் இருபது கிலோகிராம் அளவைத் தொட்டியின் அடிக்கண்ணாடிமேல் உறுதியாக அடுக்கி, அதன் பின்னரே இரண்டு விரற்கடை ஆழம் மணல் பரப்ப வேண்டும். மணலின்மேற் கல்லை வைத்தால், மணலைத் தோண்டும் உயிர்கள் ஒருநாள் அதனைச் சரித்துவிடும்.

கல், மணல், நீர் மூன்றும் அமைந்தபின் செய்யவேண்டியது காத்திருத்தல். பலர் பிழைபடுவது இங்கேதான். நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். மீனை விடலாமென மனம் விரையும். ஆனால் அந்நீர் இன்னும் உயிரற்ற நீர். மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அழுகி அமோனியா உண்டாகும்; அது மீனுக்கு நஞ்சு. கடலில் அந்நஞ்சை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், வேறொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. உருசிய அறிஞர் செர்கே வினோகிராட்சுகி 1890ஆம் ஆண்டளவில் இப்பற்றீரியாக்களைத் தனிப்படுத்திக் காட்டினார். முன்பே நடந்துவரும் தொட்டி ஒன்றிலிருந்து ஒரு பிடி மணலோ சிறு கல்லோ கிடைப்பின் இட்டு, கூடவே ஓர் இறாற் துண்டையும் இட்டு விட்டால், கல்லின் துளைகளில் இவை மெல்லக் குடியேறும். முதலில் அமோனியா ஏறும். பின் அது குறைந்து நைத்திரைற்று ஏறும். பின்னர் அதுவும் குறைந்து இரண்டும் இன்மை நிலைக்கு வரும். இதற்கு நாலு முதல் ஆறு வாரம் செல்லும். இதற்கிடையிற் கல்மேற் பழுப்புப் பாசியும் பச்சைப் பாசியும் ஒன்றன்பின் ஒன்றாகப் படரும். அதைக் கண்டு தொட்டி கெட்டதென்று கலங்கி யாவற்றையும் கொட்டிக் கழுவுவோர் பலர். கழுவியவர் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியவரே.

கருவிகள் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. நீரைச் சுழற்றும் மின்விசைக் குழாய்கள், மணிக்குத் தொட்டி நீரைப்போல் இருபது மடங்கு நீரை ஓட்டுவனவாய் இருத்தல் நன்று. நீரிற் காற்றை நுண்குமிழியாகச் செலுத்தி, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் நுரைபிரிப்பான் ஒன்று வேண்டும். அலை மோதும் கரையில் நுரை ஒதுங்குவதும் இவ்வகையான நிகழ்ச்சியே. ஒளிக்கு வெண்மையும் நீலமும் கலந்து தரும் விளக்கு, நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். வெப்பம் 25 முதல் 28 பாகைக்குள் நிற்றல் வேண்டும். திருகோணமலையின் கோடையில் நீரைக் குளிர்விப்பதே பெரும்பாடு. நீர்ப்பரப்பின்மேல் வீசும் விசிறி இரண்டு மூன்று பாகை குறைக்க வல்லது.

மின்சாரம் நிற்பதும் கருதத்தக்கது. 2020 திசம்பர் 2ஆம் நாள் புரெவிப் புயல் இம்மாவட்டக் கரையிலேயே தரையேறியது. 2022இல் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. நீரோட்டம் நின்ற தொட்டியில் ஒட்சிசன் சில மணி நேரத்திற் குன்றும். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுக்குழாய் ஒன்றை முன்னரே வாங்கி வைத்தவர் தொட்டியே அத்தகைய இரவிற் பிழைக்கும்.

நீர் பக்குவப்பட்டபின் முதலிற் குடிபுக வேண்டியவர், பாசியை மேயும் நத்தைகளும் சங்கினுள் வாழும் துறவி நண்டுகளும். இரண்டு வாரம் கழித்து ஒரு சோடி கோமாளி மீன் விடலாம். இம்மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை, பாக்கு நீரிணைக்கு அப்பால் மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துள்ளனர். அவ்வாறு வளர்ந்த மீன் கடலுக்கு இழப்புமன்று; தொட்டி உணவுக்குப் பழகியதுமாகும். அழகினால் மயங்கி வண்ணத்துப்பூச்சி மீனை வாங்குதல் கூடாது. அவ்வினத்திற் பல முருகையின் சதையன்றி வேறொன்றும் உண்ணா. உணவு நிறைந்த தொட்டியிலே பட்டினியால் மாளும். பிற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்று வாழும் துப்புரவு மீனுக்கும் இதே கதியே. ஒரு மீனின் உணவு யாதென அறியாமல் அதனை வாங்குவது, அதன் சாவை விலைகொடுத்து வாங்குவதாகும்.

ஐந்தாறு மாதம் தொட்டி நிலைத்து நின்ற பின்னரே முருகையை நினைக்கலாம். முதலில் மென்முருகைகள், அவை சிறு தவறுகளைப் பொறுக்கும். கல் வளர்க்கும் கடின முருகைகளுக்குச் சுண்ணம் வேண்டும். ஓர் இலீற்றர் நீரில் 400 முதல் 450 மில்லிகிராம் கல்சியம் குறையாமல் இருத்தல் வேண்டும். வளரும் முருகை அதனை நாள்தோறும் எடுத்துக்கொண்டே இருக்கும். இக்குறையை நிரப்ப வில்கென்சு பரப்பிய வழி சுண்ணாம்புத் தெளிநீர். தூய சுண்ணாம்பு ஓர் இலீற்றர் நன்னீரில் ஒன்றரைக் கிராம் அளவே கரையும். எஞ்சியதை அடியிற் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, இரவில் துளித்துளியாகத் தொட்டியிற் சொட்டவிடுவர். ஆவியான நீருக்கு ஈடும் அதுவே. முருகைக்கு உணவும் அதுவே. விரைந்து ஊற்றினாற் காரம் ஏறி யாவும் மடியும். வெற்றிலைக்குரிய சுண்ணாம்பு இதற்கு ஆகாது. அதிற் பிற பொருள்கள் கலந்திருக்கும்.

இலங்கைக் கரையில் நெடுங்காலம் முருகைக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டே சுண்ணாம்பு செய்தனர். வீடு கட்டவும் சுவர் பூசவும் அது பயன்பட்டது. தென்மேற்குக் கரையில் இதற்காக அகழ்ந்த இடங்களில் கடல் நிலத்தை அரித்தது. அலையைத் தடுத்து நின்றது முருகைப் பாரே என்பதை, அதை எரித்த பின்னரே மக்கள் அறிந்தனர். அன்று ஒரு சூளை ஓர் இரவில் விழுங்கியதை, இன்று தொட்டி வளர்ப்பவர் துளித்துளியாய்ச் சுண்ணாம்பு நீர் சொட்டவிட்டு, நகமளவு மீண்டும் காண்பதற்கு மாதக்கணக்கிற் காத்திருக்கிறார். கிளை முருகை நல்ல நிலையில் ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ நீளும். உருண்டை முருகையோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே பருக்கும். ஆளளவு உயர்ந்த ஓர் உருண்டை முருகைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயது உண்டு.

இதனை அறிந்தபின் புறாத்தீவு வேறு விதமாகத் தோன்றும். 1998ஆம் ஆண்டு கடல் சூடேறியபோது இக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும் பாரிலும் முருகைகள் பெருமளவு வெளுத்து மாண்டன; திருகோணமலைப் பகுதியின் பார்கள் பெரும்பாலும் தப்பின. அன்று தப்பியதும், காலால் மிதிப்பாராலும், நங்கூரம் வீசுவாராலும், கிளை ஒடிப்பாராலும் நாள்தோறும் தேய்கிறது. 170 இலீற்றர் நீரை ஒரு பாகை ஏறாமற் காக்க விசிறியும் வெப்பமானியுமாய் அல்லற்பட்டவர், கடல் முழுதும் ஒரு பாகை ஏறுவதன் பொருளை எவரும் விளக்காமலே அறிவார். நீரினுள் இறங்கினால், நிற்பதற்கு முருகையின்மேற் காலூன்றவும் அவர் துணியார்.

வீட்டுத் தொட்டி கடலுக்கு ஈடாகாது. ஆயினும் சாம்பல்தீவு போன்ற கரையூர் ஒன்றில், பாடசாலைக் கூடத்திலோ வீட்டு விறாந்தையிலோ அத்தகைய தொட்டி ஒன்று இருக்குமாயின், நீந்தத் தெரியாத முதியவரும் படகேறாத பிள்ளையும், தம் ஊருக்கு அப்பால் நீருக்கடியில் இருப்பது யாதென்று காண்பர். கண்டது அழியாதிருக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருட் சிலர்க்கேனும் உண்டாகும். ஆறு வாரம் வெறும் கல்லையும் நீரையும் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்ததன் பயன் அதுவே.